பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கரை லினக்ஸில் நிறுவும்போது எங்கே சிக்குகிறது

உங்கள் கேள்வி இது. கிளவுட் மெஷின்களின் வேகத்தை அளக்கும் பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர் என்ற கருவியை உபுண்டு 22.04 லேப்டாப்பில் நிறுவப் பார்த்தீர்கள், பைத்தான் பதிப்பு போதாது என்று நின்றது. 24.04 போட்டீர்கள், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வேறொரு பிழையைக் காட்டி மறுத்தது. அதையும் ஒருவழியாகத் தாண்டி ஓட்டினால் கிளவுடில் மெஷின் உருவாகிறது, ஆனால் அதற்குள் நுழைய வேண்டிய எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குக் காத்துக்கொண்டே கிடக்கிறது. சிங்கப்பூர் ரீஜனில் (கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தொகுதியில்) கூகுளையும் அமேசானையும் ஒப்பிட்டு மேலாளருக்கு அறிக்கை தர வேண்டும். கூகுள் எழுதிய கருவியை வைத்துக் கூகுளையே அளப்பது நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, முடிவுக் கோப்பு எக்செலில் திறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பில் எந்த அளவீடும் நடப்பதில்லை. அது கல்யாணச் சமையலுக்கு ஆள் அனுப்பும் கேட்டரிங்காரர் மாதிரி. அடுப்பு, பாத்திரம், சமையல் எல்லாம் மண்டபத்தில்தான், அவர் வீட்டில் எதுவும் வேகாது. பெர்ஃப்கிட் உங்கள் கிளவுட் கணக்கில் புது மெஷின்களை எழுப்புகிறது, அவற்றுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ஐபெர்ஃப் (நெட்வொர்க்), ஃபியோ (டிஸ்க்), கோர்மார்க் (சிபியு) போன்ற அளவீட்டு நிரல்களை அங்கேயே நிறுவுகிறது, ஓட்டுகிறது, எண்களை எடுத்துக்கொண்டு வருகிறது, கடைசியில் மெஷின்களை அழிக்கிறது. ஆகவே ஒரு பிழை வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது என் பக்கத்துப் பிழையா, கிளவுட் கணக்கின் பிழையா, அங்கே எழும்பிய மெஷினுக்குள் வந்த பிழையா என்பதுதான். நீங்கள் சொன்ன பைத்தான், பிப் தகராறுகள் முதல் வகை. எஸ்எஸ்ஹெச் தகராறு முதலுக்கும் மூன்றாவதற்கும் நடுவே நிற்கிறது.

பைத்தான் கதை சுருக்கமானது. 2015இல் கூகுள் இதை அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்துவிட்டபோது பைத்தான் 2.7இல் ஓடியது. பிறகு மூன்றுக்கு மாறி, தேவைப்படும் குறைந்தபட்சப் பதிப்பும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 22.04 உடன் வரும் 3.10 இப்போதைய கோடுக்குப் போதாது. 24.04இல் 3.12 இருக்கிறது, போதும். பழைய உபுண்டுவில் வெளியிலிருந்து புதுப் பைத்தானைக் கொண்டுவந்து சிஸ்டம் பைத்தானின் இடத்தில் மாட்டும் யோசனை வேண்டாம். உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏப்டியைச் சுற்றியுள்ள கருவிகள் உட்படப் பல சாமான்கள் அந்தப் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன.

24.04இல் பிப் மறுத்ததும் இதே காரணத்தால்தான். பெப் 668 என்ற பைத்தான் சமூகத்தின் விதிப்படி, டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் கொட்ட முடியாது. பிழைச் செய்தியிலேயே, சிஸ்டம் பேக்கேஜ்களை உடைத்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒரு ஃபிளாக்கும் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) எழுதியிருக்கும். நீங்கள் “ஒருவழியாகத் தாண்டியது” அதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். வேலை நடக்கும். ஆனால் பெர்ஃப்கிட் கேட்கும் பேக்கேஜ் பதிப்புகளும் உங்கள் சிஸ்டம் வைத்திருக்கும் பதிப்புகளும் என்றாவது ஒருநாள் மோதும். விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் ஃபோல்டர், போடுங்கள். உபுண்டுவில் அதற்குப் பைத்தான்3-வென்வ் என்ற தனிப் பேக்கேஜை ஏப்டி வழியாக முதலில் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் என்விரான்மென்ட் பாதியில் நின்று, என்சூர்பிப் இல்லை என்று புலம்பும்.

பிறகு கிட்ஹப்பில் கூகுள் கிளவுட் பிளாட்ஃபார்ம் கணக்கின் கீழ் இருக்கும் ரெப்போவை (கோடு இருக்கும் களஞ்சியத்தை) குளோன் செய்யுங்கள். என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்து, ரெப்போவின் மேல்மட்டத்தில் உள்ள, தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைப் பிப்புக்குக் கொடுங்கள். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அமேசானுக்கு ஓட்டப் போகிறீர்கள் என்றால், ரெப்போவுக்குள் புரொவைடர்ஸ் ஃபோல்டரில் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) என்ற உள்ஃபோல்டரில் இன்னொரு ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு இருக்கிறது. அதையும் நிறுவ வேண்டும். எந்தக் கிளவுடாக இருந்தாலும் அதன் புரொவைடர் ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெர்ஃப்கிட் பெரும்பாலான வேலைகளைக் கிளவுடின் ஏபிஐயோடு நேரடியாகப் பேசிச் செய்வதில்லை. ஜிகிளவுட் (கூகுள்), ஏடபிள்யூஎஸ் (அமேசான்), ஏஇசட் (மைக்ரோசாஃப்ட்) என்ற அந்தந்த நிறுவனத்தின் கட்டளைக் கருவியை, நீங்கள் டெர்மினலில் தட்டுவது போலவே தட்டுகிறது. அதனால் அந்தக் கருவிகள் நிறுவப்பட்டு, லாகின் ஆகி, பாத்தில் (PATH, டெர்மினல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) இருக்க வேண்டும். இதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டெம்ப் அடைவின் கீழ், பெர்ஃப்கிட்பெஞ்ச்மார்க்கர் என்ற ஃபோல்டருக்குள் ரன்ஸ் என்ற இடத்தில், அந்த ஓட்டத்தின் அடையாள எண்ணில் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதிலுள்ள லாக் கோப்பில் அது தட்டிய கட்டளைகள் அப்படியே இருக்கும். தோற்ற கட்டளையை அங்கிருந்து நகலெடுத்து உங்கள் டெர்மினலில் கையால் ஓட்டிப் பாருங்கள். அதே பிழை வந்தால் பெர்ஃப்கிட்டை விட்டுவிட்டுக் கணக்கின் அனுமதியையோ கோட்டாவையோ (கணக்குக்குத் தரப்பட்ட அளவு வரம்பு) பார்க்கலாம். பாதிச் சிக்கல்கள் இந்த ஒரே சோதனையில் பிடிபட்டுவிடும்.

இப்போது எஸ்எஸ்ஹெச். லாக்கில் அந்த இணைப்பு முயற்சி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு” என்றால் மெஷின் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், தானாகச் சரியாகும். “பெர்மிஷன் டினைடு” என்றால் நெட்வொர்க் சரி, சாவியோ யூசர் பெயரோ ஒத்துவரவில்லை. கூகுளில் இது வந்தால், நிறுவனம் ஓஎஸ் லாகினை (கூகுள் கணக்கை வைத்தே எஸ்எஸ்ஹெச் அனுமதி தரும் முறை) கட்டாயமாக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். “டைம்டு அவுட்” என்று வந்தால் பாக்கெட் போய்ச் சேரவே இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இதுதான் பொருந்துகிறது. அலுவலக நெட்வொர்க்கிலோ விபிஎன்னிலோ இருந்தபடி ஓட்டினீர்களா? சிங்கப்பூரில் வங்கி, அரசு சார்ந்த வேலை செய்யும் பல இடங்களில் எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும், வெளியே போகும் 22ஆம் போர்ட் மூடியிருக்கும். வீட்டு வைஃபையில் ஒருமுறை ஓட்டினால் தெரிந்துவிடும். வீட்டிலும் இதேதான் என்றால், உங்கள் கிளவுட் கணக்கில் வெளி ஐபி தருவதற்குத் தடைக் கொள்கை ஏதும் இருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள்.

ஆனால் என் பரிந்துரை லேப்டாப்பையே விட்டுவிடுவது. அதே ரீஜனில் இரண்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு சின்ன உபுண்டு 24.04 மெஷினை எழுப்பி, அதில் பெர்ஃப்கிட்டை நிறுவுங்கள். இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தைத் தொடரவைக்கும் டிமக்ஸ் செஷனுக்குள் ஓட்டுங்கள். ஒரு ஓட்டம் சில நிமிடத்திலும் முடியலாம், மணிக்கணக்கிலும் போகலாம். லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினால், ஓட்டம் பாதியில் செத்துப்போகும், மெஷின்கள் மட்டும் பில் ஏற்றிக்கொண்டு நிற்கும். கிளவுட் மெஷினிலிருந்து ஓட்டினால் அணுகல் சாவிகளைக் கோப்பில் எழுதி வைக்கவும் வேண்டாம். அமேசானில் ஐஏஎம் ரோல் கொடுக்கலாம், கூகுளில் சர்வீஸ் அக்கவுண்ட் கொடுக்கலாம். கூகுளில் மட்டும் ஒரு பொறி உண்டு. மெஷினை உருவாக்கும்போது இயல்பாக விழும் ஆக்சஸ் ஸ்கோப் (மெஷினுக்குள்ளிருந்து எந்தச் சேவைகளை அழைக்கலாம் என்ற வரம்பு), புது மெஷின்களை எழுப்ப அனுமதிக்காது. சர்வீஸ் அக்கவுண்டுக்கு எவ்வளவு பெரிய ரோல் கொடுத்திருந்தாலும் ஸ்கோப் போதவில்லை என்றே பிழை வரும். முழுக் கிளவுட் பிளாட்ஃபார்ம் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, நிறுவியாயிற்று. முதல் ஓட்டத்துக்குக் கை வைக்கும் முன் மூன்று ஃபிளாக்குகளை மறக்கக் கூடாது. பெஞ்ச்மார்க்ஸ் ஃபிளாக்கை விட்டுவிட்டால், “ஒன்றும் சொல்லவில்லை” என்று அது சும்மா இருக்காது. ஸ்டாண்டர்ட் செட் முழுவதையும் ஓட்டத் தொடங்கும். அது டஜன் கணக்கான மெஷின்களும் பல மணி நேரமும் எடுக்கும் சமாசாரம். சோன்ஸ் (ரீஜனுக்குள் எந்தப் பகுதி) ஃபிளாக்கை விட்டால் மெஷின் அமெரிக்காவில் எழும்பும், ஏனென்றால் இயல்பு மதிப்புகள் அந்த ஊர்களுக்கே எழுதப்பட்டிருக்கின்றன. சிங்கப்பூர் என்று நினைத்து அமெரிக்காவை அளந்த அறிக்கை மேலாளர் மேசைக்குப் போய்விடக் கூடாது. கூகுளுக்கு ஏசியா-சவுத்ஈஸ்ட்1 என்பதோடு ஏ, பி, சி எழுத்துகளில் ஒன்று, அமேசானுக்கு ஏபி-சவுத்ஈஸ்ட்-1 என்பதோடு அதே மாதிரி ஒன்று. மூன்றாவது, ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கின் உரிமத்தையும் ஏற்கிறேன் என்று சொல்லும் ஃபிளாக். அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், நீங்கள் ஓட்டப்போகும் பெஞ்ச்மார்க்கின் உரிமத்தையாவது படித்துவிடுங்கள். ஸ்பெக் சிபியு போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்கி நீங்களே டேட்டா ஃபோல்டரில் வைக்க வேண்டும். ரெப்போவோடு அவை வராது.

முதல் ஓட்டத்துக்கு ஐபெர்ஃப் நல்லது. இரண்டு மெஷின், சீக்கிரம் முடியும், ஏதாவது தவறினால் சீக்கிரம் தெரியும். கணக்கு புதிது என்றால் கோட்டாவில் முட்டக்கூடும். அமேசானில் விசிபியு (மெய்நிகர் சிபியு) லிமிட், கூகுளில் கோட்டா எக்சீடட் என்று வரும். இவை ரீஜன் வாரியாக எண்ணப்படுவதால், வேறு ரீஜனில் தாராளமாக இருப்பது சிங்கப்பூருக்கு உதவாது.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது அழிக்கும் கட்டத்தைப் பற்றி. பெர்ஃப்கிட் ஒரு ஓட்டத்தை ஐந்து கட்டமாகப் பிரிக்கிறது: புரொவிஷன், பிரிப்பேர், ரன், கிளீன்அப், டீயர்டவுன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசிக் கட்டம் மெஷின், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் தானே அழித்துவிடும். பாதியில் அறுந்தால், அந்த ஓட்டத்தின் அடையாள எண்ணைக் கொடுத்து, கிளீன்அப், டீயர்டவுன் ஆகிய கட்டங்களை மட்டும் மறுபடி ஓட்டச் சொல்லலாம். இதற்கு அது நம்பியிருப்பது நான் மேலே சொன்ன டெம்ப் ஃபோல்டரில் உள்ள ஒரு பதிவுக் கோப்பை. உபுண்டு 24.04 ரீபூட் ஆகும்போது டெம்ப் அடைவைத் துடைத்துவிடும். அதாவது “ஹேங் ஆகிவிட்டது, ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்” என்று நீங்கள் செய்யும் காரியம், எதை அழிக்க வேண்டும் என்ற நினைவையே அழித்துவிடுகிறது. டீயர்டவுன் முடியும்வரை ரீபூட் வேண்டாம். கட்டாயம் என்றால் அந்த ரன்ஸ் ஃபோல்டரை ஹோமில் நகலெடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்படியும் எச்சம் இருந்தால் கையால் தேட வேண்டியதுதான். அது உருவாக்கும் பொருள்களின் பெயர் பிகேபி என்று தொடங்கி அடையாள எண்ணோடு இருக்கும், கன்சோலில் தேடினால் அகப்படும். அமேசானில் இன்னொரு அறிகுறி உண்டு. ஓட்டத்துக்கு ஒரு விபிசி (தனி நெட்வொர்க்) உருவாகிறது, ஒரு ரீஜனுக்கு இயல்பு வரம்பு ஐந்து. சில தோல்விகளுக்குப் பிறகு விபிசி லிமிட் பிழை வந்தால், பழைய எச்சங்கள் உள்ளே கிடக்கின்றன என்று அர்த்தம். விபிசிக்குக் காசில்லை, ஆனால் அதற்குள் நிற்கும் மெஷினுக்கும் டிஸ்குக்கும் உண்டு. பொது ஐபிவி4 முகவரிக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 அமெரிக்க டாலர் வாங்குகிறார்கள். சொந்தக் கணக்கில் பழகுகிறீர்கள் என்றால் பில்லின் மேல் சிங்கப்பூரின் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பட்ஜெட் அலர்ட் கட்டாயம் போடுங்கள், ஆனால் அது எச்சரிக்கும், நிறுத்தாது. பில் விவரமும் சில மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும். பெர்ஃப்கிட் தன் பொருள்கள்மேல் காலாவதி நேரம் என்று ஒரு லேபிளை ஒட்டும். அதைப் பார்த்துத் தானாக ஏதோ அழித்துவிடும் என்று நம்பாதீர்கள். லேபிளைப் படித்து அழிக்கும் ஸ்கிரிப்டை உங்கள் நிறுவனம்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கூகுளின் கருவி கூகுளுக்குச் சாதகமாக இருக்குமா? கோட் திறந்து கிடக்கிறது. 2015 அறிவிப்பிலேயே இன்டெல், மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட் போன்றவர்கள் பங்களிப்பாளர்களாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். எண்களை ரகசியமாகத் திருத்துகிறது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. சாய்வு வரும் இடம் இயல்பு அமைப்புகள். எந்த மெஷின் வகை, எந்த டிஸ்க், எத்தனை ஜிபி என்று நீங்கள் சொல்லாத ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் என்றோ தேர்ந்தெடுத்த மதிப்பு நிரப்பிவிடும். எனவே ஒப்பீட்டு அறிக்கைக்கு எதையும் இயல்பு மதிப்பில் விடாதீர்கள். கான்ஃபிக் கோப்பு ஒன்றை யாமல் (YAML) வடிவத்தில் எழுதி, இரண்டு கிளவுடுக்கும் மெஷின், சோன், டிஸ்க் வகை, அளவு எல்லாவற்றையும் வெளிப்படையாகக் குறித்து, அந்தக் கோப்பையே அறிக்கையின் பின்னிணைப்பாக வையுங்கள்.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் உண்மையான வேலை. அமேசானின் டி3 வகை மெஷின்கள் கிரெடிட் முறையில் ஓடுபவை. டி3 மீடியத்தின் அடிப்படை ஒரு விசிபியுவில் 20 சதவீதம்தான், அதற்கு மேல் ஓடுவது சேமித்த கிரெடிட்டில், தீர்ந்தால் கூடுதல் கட்டணத்தில். விலைப்பட்டியல் காட்டும் விலைக்கு அந்த வேகம் கிடைப்பதாக எழுதினால் கணக்கு தப்பு. கூகுளின் இ2 வகையில் அடியில் இன்டெல் சிபியு வரும் என்றும் சொல்ல முடியாது, ஏஎம்டி வரும் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மெஷினிலும் சிபியு விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையின் வெளியீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசிபியு என்ற சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் அது ஒரு ஹைப்பர்த்ரெட் (கோரின் ஒரு பங்கு), அமேசானின் சொந்தச் சிபியுவான கிராவிட்டானில் ஒரு முழுக் கோர்.

டிஸ்க் இன்னும் வழுக்கும். அமேசானின் ஜிபி2 (gp2) வகை டிஸ்க் ஒரு கிகாபைட்டுக்கு 3 ஐஆப்ஸ் (விநாடிக்கு எழுதல், படித்தல் எண்ணிக்கை) கணக்கில் வேகம் தருவது. 100 ஜிபி டிஸ்குக்கு அடிப்படை 300 மட்டுமே, ஆனால் புதிதாக உருவாக்கினால் 3,000 வரை பாய சுமார் அரை மணி நேரத்துக்குக் கிரெடிட் இருக்கும். பத்து நிமிட ஃபியோ சோதனை அந்தத் தேனிலவை மட்டுமே அளக்கும். ஜிபி3 (gp3) வகை என்றால் அளவு எதுவானாலும் 3,000 ஐஆப்ஸ், விநாடிக்கு 125 எம்பி என்று தட்டையான அடிப்படை. கூகுளின் பெர்சிஸ்டன்ட் டிஸ்கில் வேகம் டிஸ்க் அளவோடும் மெஷினின் விசிபியு எண்ணிக்கையோடும் சேர்ந்து ஏறும். நெட்வொர்க்கிலும் இப்படி ஒன்று உண்டு. அமேசானில் கிளஸ்டர் பிளேஸ்மென்ட் குரூப்புக்கு (மெஷின்களை அருகருகே வைக்கும் ஏற்பாடு) வெளியே ஒற்றை இணைப்புக்கு விநாடிக்கு 5 ஜிகாபிட் வரம்பு. ஐபெர்ஃபை ஒரே த்ரெட்டில் ஓட்டிவிட்டு, “மெஷின் சொன்ன வேகத்தைத் தரவில்லை” என்று எழுதக் கூடாது. அனுப்பும் த்ரெட் எண்ணிக்கைக்குத் தனி ஃபிளாக் இருக்கிறது, ஒன்றிலும் பலவற்றிலும் ஓட்டி இரண்டையும் காட்டுங்கள்.

அமேசான் சோன் எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய கணக்குகளில் உங்கள் 1ஏ சோனும் பக்கத்துக் குழுவின் 1ஏ சோனும் ஒரே கட்டடங்களாக இருக்க வேண்டியதில்லை, கணக்குக்குக் கணக்கு எழுத்து மாற்றி வைக்கப்பட்டிருக்கும். மாறாத அடையாளம் சோன் ஐடி. இரண்டு கணக்குகளில் எடுத்த எண்களைச் சேர்க்கிறீர்கள் என்றால் அதைப் பாருங்கள்.

ஒரே மெஷினில் பத்து முறை ஓட்டுவது அந்த மெஷினைப் பற்றி மட்டுமே சொல்லும். மாறுபாடு அதிகம் வருவது மெஷினுக்கும் மெஷினுக்கும் இடையில், அடியில் எந்த ஹோஸ்ட், பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்து. ஆகவே ஒவ்வொரு முறையும் புரொவிஷனிலிருந்து டீயர்டவுன் வரை முழுதாக ஓட்டி, வேலை நாள் காலை, நள்ளிரவு, வார இறுதி என்று நேரத்தையும் பரப்பி, மீடியனையும் சிதறலையும் கொடுங்கள். மேலாளர் ஒற்றை எண் கேட்பார். கொடுங்கள், ஆனால் பக்கத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர்கள் சென்னையிலும் இருந்தால் பிங் சோதனையையும் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரின் தென்னிந்திய ரீஜன் சென்னையில் இருக்கிறது. இங்கே இயற்பியலே ஒரு சரிபார்ப்பைத் தருகிறது. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 29 மில்லிசெகண்டுக்குக் குறைவாக எந்த கேபிளும் தர முடியாது. அதற்குக் கீழே எண் வந்தால், சந்தோஷப்படாமல் சோன் பெயரைத் திரும்பப் பாருங்கள்.

காசு செலவழிக்காமல் முதலில் பழக வேண்டும் என்றால், வீட்டிலுள்ள இரண்டு பழைய லினக்ஸ் மெஷின்களையே ஸ்டாட்டிக் மெஷின்களாக (கிளவுடில் எழுப்பாமல், ஏற்கெனவே இருக்கும் மெஷின்களாக) கொடுக்கலாம். எஸ்எஸ்ஹெச் சாவி, பாஸ்வேர்டு கேட்காத சூடோ, அவ்வளவுதான் தேவை. ஆனால் அது அந்த மெஷின்களுக்குள் இஷ்டத்துக்குப் பேக்கேஜ் போடும். யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரைக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிவுக் கோப்பு எக்செலில் திறக்காததற்குக் காரணம், அது ஒரே ஜேசன் அல்ல. வரிக்கு ஒரு ஜேசன், ஒவ்வொரு வரியும் ஒரு அளவீடு. ஜேசனைப் படிக்கும் ஜேக்யூ கருவி இப்படிப்பட்ட கோப்பை அப்படியே படிக்கும். மெட்ரிக், வேல்யூ, யூனிட் மூன்றையும் பிரித்து சிஎஸ்வியாக எழுதச் சொல்லுங்கள். லேபிள்ஸ் என்ற புலத்தில் கிளவுட், சோன், மெஷின் வகை எல்லாம் செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே ஒரே நீளச் சரமாக இருக்கும். அதை விட்டுவிடாமல் தனி நெடுவரிசையாகக் கொண்டுவாருங்கள், எந்த எண் எந்த மெஷினிலிருந்து வந்தது என்று யாராவது கேட்கும்போது பதில் அங்கேதான் இருக்கும். கூகுள் கணக்கு இருப்பதால் கூகுளின் தரவுக்கிடங்கான பிக்குவெரியின் அட்டவணைக்கு நேரடியாக அனுப்பும் ஃபிளாக்கையும் பயன்படுத்தலாம். ஓட்டங்கள் பெருகினால் அதுதான் வசதி.